மப்டி போலீஸ்

பூசை முடிந்த கையோடு சவேரியார்பட்டி கோயில் மண்டபத்தில் கிளாரா நடத்திய கூட்டத்தில் முதலில் தூங்கிப்போனவர் உபதேசியார் பிரான்சிஸ். அவரைக் குறை சொல்ல முடியாது. திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்த ஆராய்ச்சிக்காரப் பெண், ஜன்னலை எல்லாம் சாத்தி, சுவரில் கோடும் கட்டமுமாகப் படம் காட்டி, "குறிப்பிடத்தக்க சதவீத வேறுபாடு" என்று வாசித்தால், மே மாதப் புழுக்கத்தில் யாருக்குத்தான் கண் சொக்காது?

கடைசிவரை முழித்திருந்தவர் ராயப்பராஜ் ஒருவர்தான். ஊரிலேயே பெரிய திராட்சைப் பந்தல் அவருடையது. எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார்.

"எல்லாஞ் சரி மேடம். என் தோட்டத்துல கொத்துக் கொத்தா மாவுப்பூச்சி அப்பிக் கெடக்கு. வர்ற சனிக்கெழம மருந்து அடிக்கப்போறேன்."

ராயப்பராஜ் தோட்டத்தை ஒட்டியதுதான் பிரான்சிஸின் தோட்டம். அங்கே கிளாரா போன மாதம் பொறிவண்டுகளை விட்டிருந்தாள். மாவுப்பூச்சியைத் தின்று தீர்க்கிற வண்டு அது. ஆய்வகத்தில் பூசணிக்காய் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதையே தீனியாகப் போட்டு, இரண்டு வருஷம் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட வண்டுகள். இப்போதுதான் முட்டை பொரிந்து புழுக்கள் வந்திருந்தன. நடுவே ஒரு வரப்புதான். மருந்து காற்றில் இந்தப் பக்கம் வந்தால் புழுவும் போச்சு, அவள் ஆராய்ச்சியும் போச்சு.

இதில் இன்னொரு வில்லங்கம் வேறு. அந்தப் புழு பார்ப்பதற்கு அச்சு அசலாக மாவுப்பூச்சி மாதிரியே, உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு பூசிக்கொண்டு திரியும். பூச்சியை ஒழிக்க வந்தவள் பூச்சியை விட்டுப் பெருக்கிவிட்டாள் என்று ஊருக்குள் ஏற்கெனவே பேச்சு.

அன்று சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பிரான்சிஸ் வீட்டு ஜெபத்துக்குப் போனாள். மே மாதம் முழுக்க மாதா சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீடாக ஊரைச் சுற்றிவரும். ஜெபமாலை முடிந்து சுண்டல் கைக்கு வந்ததும், பெண்கள் முந்தின ராத்திரி டி.வி. சீரியலைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மருமகள் மாட்டுவாளா, தப்பிப்பாளா? ஆம்பளைகள் கேட்காத மாதிரி உட்கார்ந்து அம்புட்டையும் கேட்டார்கள். பிரான்சிஸ்கூட முழித்திருந்தார்!

கிளாராவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் புத்தி வந்தது.

"அக்கா, என்கிட்ட ஒரு திருட்டுக் கதை இருக்கு. சொல்லவா?" என்றாள்.

ஒரு தோட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்ட திருட்டுக் கும்பல் ஒன்று புகுந்தது. கொடியில் வாயை வைத்தால் எடுக்காது, சாறு முழுக்க உறிஞ்சும். காவலுக்கு எறும்பு ரவுடிகளை வைத்திருந்தது. அவன்களுக்குத் தினமும் இனிப்புத் தண்ணி மாமூல். கும்பல் மேல் கை வைக்க எவன் வந்தாலும் ரவுடிகள் கடித்தே விரட்டிவிடுவான்கள்.

"அப்பறம்?" கேட்டது ராயப்பராஜ்.

"நாளைக்குச் சொல்றேன்ணே. பஸ்ஸு போயிரும்."

மறுநாள் கதையில் போலீஸ்காரன் ஒருவன் திருடர்களைப் போலவே வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, மப்டியில் உள்ளே நுழைந்தான். ரவுடிகள் நம்ம ஆள்தான் என்று வழிவிட்டான்கள். அதற்கடுத்த நாள் ஒவ்வொரு திருடனாகக் காணாமல் போக ஆரம்பித்தான். இத்தனையும் அவள் ஆராய்ச்சியில் கண்டதுதான், பொய் ஒரு சொட்டு கலக்கவில்லை. வீடு மாற மாறக் கூட்டம் ஏறியது. ராயப்பராஜின் மனைவி ஆரோக்கியம்மாள் நேரத்தோடு உலை வைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை அவள்தான் கேட்டாள். "ரெண்டும் வெள்ளைன்னா, போலீசு எது, திருடன் எதுன்னு நாம எப்படித் தெரிஞ்சுக்குறது?"

"அதுதான் நாளைக்குக் கதை" என்றாள் கிளாரா.

"நாளைக்கு மாதா நம்ம வீட்டுக்குத்தான வருது. கதை முடியட்டும். மருந்த ஞாயித்துக்கெழம அடிச்சுக்கலாம்" என்றார் ராயப்பராஜ். கிளாராவுக்குத் தலைகால் புரியவில்லை. சீரியல் எழுதுகிறவர்கள் பிச்சை வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை மத்தியானமே வந்து இறங்கினாள். ராயப்பராஜ் தோட்டத்து வாசலில் ஆரோக்கியம்மாள் தூக்குவாளியோடு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"மேடம், கீழக் கோடியில போலீசு நெறையக் கெடந்துச்சு. அள்ளியாந்து நல்லா இருக்க கொடிக்கெல்லாம் காவலுக்கு விட்டுட்டேன்."

கிளாரா வாளிக்குள் பார்த்தாள். மிச்சம் கிடந்தது முழுக்க மாவுப்பூச்சி. திருடனை அள்ளிக் கொண்டுபோய்ச் சுத்தமான வீட்டில் குடிவைத்தாயிற்று.

அதற்குள் ராயப்பராஜ் முதுகில் ஸ்பிரேயரோடு பந்தலிலிருந்து வெளியே வந்தார். நல்ல கொடியில் பூச்சி அப்பிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஞாயிறுவரை பொறுக்காமல் மருந்து கலக்கக் கிளம்பியிருந்தார்.

"ஒங்க கதையக் கேட்டு என் பொண்டாட்டி திருடனுக்கு வெத்தலபாக்கு வச்சு அழைச்சிருக்கா. போதும் மேடம். தள்ளுங்க."

ஆரோக்கியம்மாள் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்தபோது கிளாராவுக்குத் தன் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தது யார்?

"தப்பு அக்கா மேல இல்லண்ணே, என்மேலதான். அடையாளத்த முதல் நாளே சொல்லியிருக்கணும். கதை ருசிக்கட்டும்னு ஒளிச்சு வச்சேன். செத்த நேரம் குடுங்க. அப்பறம் நீங்க அடிச்சாலும் நான் தடுக்கல."

கீழே கிடந்த தென்னங்கீற்றில் ஓர் ஈர்க்கைக் கிழித்தாள். "இதால தொடணும். திருடன் சாப்பாட்ட விட்டு லேசுல எந்திரிக்க மாட்டான். போலீசு ஓடுவான்."

வாளிக்குள் தொட்டார்கள். ஒன்றும் ஓடவில்லை. ராயப்பராஜ் உதட்டைப் பிதுக்கினார். ஆரோக்கியம்மாள் மட்டும் ஈர்க்கை வாங்கிக்கொண்டு பந்தலுக்குள் போய், வரப்போரக் கொடியில் ஒவ்வொரு கொத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். அசையவில்லை. இதுவும் அசையவில்லை. இதுவும் இல்லை.

"ஏங்க! ஓடுது!"

வெள்ளைப் பஞ்சுக் குச்சங்களைத் தூக்கிக்கொண்டு புழு ஒன்று தண்டில் குடுகுடுவென்று ஓடியது. கொஞ்ச தூரம் போய், மாவுப்பூச்சி முட்டையிட்டிருந்த பஞ்சுக்குள் தலையைக் கொடுத்து மேய ஆரம்பித்தது. மூன்று பேரும் நெருங்கிப் பார்த்தார்கள். அடுத்த கொத்தில் இன்னும் இரண்டு ஓடின.

"இங்கதான் நீங்க வண்டே விடலையே?" ராயப்பராஜின் குரல் இறங்கியிருந்தது.

"நான் விடலண்ணே. உபதேசியார் தோட்டத்துல பொழச்ச வண்டு தானாப் பறந்து வந்து ஒங்க கொடியில முட்ட வச்சிருக்கு."

இரண்டு வருஷமாகக் கிளாரா எதிர்பார்த்தது இதைத்தான். ராயப்பராஜ் ஸ்பிரேயரைக் கழற்றிக் கீழே வைத்தார். பொழுது சாயும்வரை மூவருமாக அந்த நல்ல கொடிகளில் குடியேறிய திருடர்களைப் பொறுக்கி நசுக்கினார்கள்.

அன்று ராயப்பராஜ் வீட்டில் ஜெபம் முடிந்ததும் எல்லோரும் கிளாரா முகத்தைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தது ஆரோக்கியம்மாள். "இன்னிக்குக் கதை நான் சொல்றேன்" என்று தூக்குவாளியிலிருந்தே ஆரம்பித்தாள். தான் ஏமாந்ததைச் சொல்லி வீடே குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டு, ஈர்க்கால் தொட்டால் எது ஓடும், எது ஓடாது என்பதை நாளைக்கு என்று இழுக்காமல் அப்போதே போட்டு உடைத்தாள். முடிச்சு அவிழ்ந்த பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை. தன் ஆராய்ச்சி இன்னொருத்தி வாயில், ஒரு பிழையில்லாமல் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு கிளாரா சுண்டல் தின்றாள். அவ்வளவு ருசியாக அவள் எதையும் தின்றதில்லை.

பின்வரிசையில் கீழத்தெரு ஆண்டனிராஜ் தலையைச் சொறிந்தார். "நான் நாளைக்கு அடிக்கிறதுக்கு மருந்து வாங்கி வச்சுட்டனே."

ராயப்பராஜ் சடக்கென்று திரும்பினார்.

"ஏலே, மொதல்ல ஈர்க்க எடுத்துத் தொட்டுப் பாரு. ஓடுறது அம்புட்டும் என் தோட்டத்துல இருந்து வந்த போலீசு. அதுமேல ஒரு சொட்டு மருந்து பட்டுச்சு, நான் மனுசனா இருக்க மாட்டேன்."