தீன் கேட்ட ஊர்

வெளியே ஓலம் நின்றுபோனது. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வரும் ஆண்கள் தெருமுனையிலிருந்தே "என் அண்ணா, என் மலையே" என்று கதறிக்கொண்டுதான் வருவார்கள். வாசலில் கம்பூன்றி நிற்கும் செத்தவரின் தம்பி பதிலுக்குக் கதற வேண்டும். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் சட்டென்று அடங்கியதும் நான் வாசல் பக்கம் காதைத் திருப்பினேன். முற்றத்தில் போட்ட கம்பளிக் கூடாரத்தில், திரைக்குப் பின்னால் என் கணவர் பெய்ஷென் கிடந்தார். நான் வழக்கப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அவருடைய தம்பி துராத் குனிந்து உள்ளே வந்தான்.

"அண்ணி, பள்ளிவாசல்லேர்ந்து ஷார்ஷென் மோல்தோ வந்திருக்கார். ஜனாஸா தொழ மாட்டாராம். அண்ணனுக்கு தீன் இல்லியாம். நம்ம கல்லறை மேட்டுல புதைக்கக் கூடாதுங்குறார். சாவு விருந்துக்குக் கட்டிப்போட்ட குதிரையக்கூட அறுக்க விடல."

தீன். மார்க்கம் என்று அர்த்தம். இந்தச் சொல்லுக்கு எப்போது இவ்வளவு அதிகாரம் வந்தது? நான் மருமகளாக வந்த புதிதில் மாமியார் அதை ஏசுவதற்கு மட்டும்தான் எடுப்பார். பாரம் இழுக்கிற குதிரையைச் சாட்டையால் விளாசுகிறவன், ரொட்டியைப் பிய்க்கும்போது வாசலில் நிற்பவனைக் கூப்பிடாதவன், இவர்களெல்லாம் அவருக்கு தீன் கெட்டவர்கள். மற்றபடி ஐந்து வேளை தொழுகிறவர் அந்தத் தெருவிலேயே கிடையாது. நானும் வியாழக்கிழமை எண்ணெய் காயவைத்து, செத்தவர்களுக்கு வாசனை போய்ச் சேரட்டும் என்று மாவுத்துண்டுகள் பொரித்து, உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொள்வதோடு சரி. இப்போதோ ஆடு வாங்கப் போனாலும் பெண் கேட்கப் போனாலும் தீன் என்ன என்று கேட்கிறார்கள், குலம் கேட்கிற மாதிரி.

எங்கள் மகள் ஜீபெக் மஞ்சள்காமாலையில் போன பிறகு, பெய்ஷெனுக்குப் பொழுது விடிவதே பாட்டிலில்தான். வாய்க்கால் ஓரத்தில் விழுந்து கிடப்பார். பக்கத்தில் கிடந்தவன் இதே ஷார்ஷென். அப்போது இரண்டு பேரிடமும் எவனும் தீன் கேட்கவில்லை. பிறகு ஷார்ஷென் பள்ளிவாசலுக்குப் போய்க் குடியை விட்டான், தொழ வைக்கிற மோல்தோவும் ஆனான். என் மனுஷன் நகரத்து இயேசு சபைக்குப் போய் அதை விட்டார். வீட்டில் அடி உதை நின்றது. எனக்கு அது போதும். அந்தச் சபைக்கு நான் ஒரு நாளும் போனதில்லை, அவர்கள் பாட்டும் எனக்குப் பிடிக்காது. ஆனால் மேட்டில் பிள்ளை பக்கத்தில் தன்னைப் படுக்கவைக்கச் சொல்லியிருந்தார். அதை நான் விடுவதாக இல்லை.

எழுந்து வெளியே போனேன். புருஷன் செத்தவள் கூடாரத்தை விட்டு வரக்கூடாது என்று பின்னாலிருந்து யாரோ பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். உதறினேன். ஷார்ஷென் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணி. சாகும்போது நீங்கதான கூட இருந்தீங்க. கடைசி மூச்சுல அல்லா ஒருவன்தான்னு கலிமா சொல்லிட்டுத்தான் போனார்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. நானே தொழ வைக்கிறேன்."

முற்றமே என் வாயைப் பார்த்தது. சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. பொய் எனக்குப் புதிதா என்ன? மூக்கு உடைந்து கிடந்தபோதெல்லாம் பசு முட்டியது என்று இதே ஊருக்குச் சொன்னவள்தானே. சாகும்போது பெய்ஷென் ஜன்னலைத் திறக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பொய்யைச் சொன்னால், குடிக்காமல் என் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்த அந்த மனிதர் இல்லாமலே போய்விடுவார்.

"அவர் சொல்லல. ஜன்னலத் திறன்னார்."

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். "அப்ப சிலுவ வச்ச ரஷ்யாக்காரன் கல்லறைக்குத் தூக்கிட்டுப் போ!"

"நீயும் அவரும் ஒரே வாய்க்கால்ல கெடந்தீங்களே ஷார்ஷென். அப்ப உன் தீன் எங்க கெடந்துது?" என்று கேட்டேன்.

அவன் முகம் சிவந்தது. "எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா! வாசல்ல வந்து கெஞ்சினேன். எங்கூட வந்திருந்தா இன்னைக்கு நானே தோள்ல தூக்கிட்டுப் போயிருப்பேன்." குரல் உடைந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டான். "வெட்டுன குழிய மூடச் சொல்லிப் பசங்கள அனுப்பியாச்சு."

"அண்ணி, போகாதீங்க, பொம்பளைங்க அங்க போகக் கூடாது," என்று துராத் கத்தினான். நான் அதற்குள் வேலியைத் தாண்டியிருந்தேன். எனக்கு அவர்கள் எல்லார் மேலும் வெறுப்பாக இருந்தது, அவர்களைத் தடுக்கத் தெரியாத துராத் மேலும்.

மேட்டில் பையன்கள் மண்வெட்டியோடு குவியலுக்கு அருகே நின்றார்கள். நான் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, உள்ளே இறங்கிவிட்டேன். அடியில், பக்கவாட்டில் குடைந்த அறை அவர் அளவுக்குத்தான் இருந்தது. முழங்காலை மடக்கி நுழைந்து உட்கார்ந்தேன். மண் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஜீபெக். சுவரில் கையை வைத்துக்கொண்டேன்.

"அக்கா, மேல வாங்கக்கா," என்று ஒருவன் அழாத குறையாகச் சொன்னான்.

"மூடுங்கடா. உங்களுக்கு தீன் இருக்குல்ல? மூடுங்க."

ஊரிலிருந்து ஆட்கள் ஓடிவரும் சத்தம் நெருங்கியது. மேலே வானம் நீளமாகத் தெரிந்தது. அதன் விளிம்பில் தலைகள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப்பார்த்தன. கடைசியாக ஷார்ஷெனுடைய தொப்பி. ஒரு பிடி மண் சரிந்து என் மடியில் விழுந்தது. யாராவது போட்டார்களா, கால் பட்டு உதிர்ந்ததா, தெரியவில்லை. நான் அதைத் தட்டிவிடவில்லை.