மதர் போயிடுச்சு

ஃபேன் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவளேதான் காரணம். எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும், என்ன கோளாறு என்று சொந்தக்காரர் வாயைத் திறப்பதற்குள், "முதல்ல ஃபேனைப் பார்ப்போம்" என்பாள். பத்தில் ஆறு கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். கடைத்தெருவே கேலி செய்தது, பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தாள்.

மாடி அறை. ஜன்னலோரம் மேஜை, அதன் மேல் கம்ப்யூட்டரின் கறுப்பு கேபினெட். எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மெத்தை ஒரு பக்கமாக அமுங்கிப் போயிருந்தது. இருபது வருஷம் ஒரே ஆள் உட்கார்ந்தால்தான் அப்படி அமுங்கும். அதில் உட்காரப் போனவளை, "அது வேணாம்மா, இதுல உக்காருங்க" என்று தடுத்தார் வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர்.

அவருடைய மகள் அறைக்குள் கால் வைக்காமல் நிலைப்படியிலேயே நின்றாள். "பத்து நிமிஷம் ஓடும் அக்கா, அப்புறம் பட்டுனு அணைஞ்சுடும். தீஞ்ச வாசனை வேற. பக்கத்துலயே திரைச்சீலை. என்னைக்கு வீடு பத்திக்கப் போகுதோ! தூக்கிப் போடுங்கன்னா அப்பா காதுலயே வாங்க மாட்டேங்கறார்."

"எப்ப ஆன் பண்ணுவீங்க?"

"யாரு ஆன் பண்றது? அதுவா ஆன் ஆகுது. விடியக்காலம் அஞ்சு பத்துக்கு. அம்மா போனதுலேர்ந்து."

ஃபேன் அக்கா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

போஸ்ட்மாஸ்டர்தான் விளக்கினார். அவர் மனைவி அச்சகத்துக்கு டைப் அடித்துக் கொடுத்தவர். வீடு எழுவதற்கு முன்னால், ஐந்து பத்துக்கு இந்த மேஜைக்கு வந்துவிடுவார். இறந்து எட்டு மாதம். மெஷின் மட்டும் நேரம் தவறவில்லை. போஸ்ட்மாஸ்டர் இரண்டு கப் டீயோடு வந்து உட்காருவார். கேபினெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். மெல்லச் சூடேறும். பதினோரு நிமிடம். பிறகு அணைந்துவிடும்.

"அவ கைச்சூடு அப்படித்தாம்மா இருக்கும்," என்றார், சாதாரணமாக, ஏதோ தபால் எடை சொல்வது போல.

வேலையில் இறங்கினாள். ஃபேன் இறக்கைகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஊதித் தள்ளினாள். பிராசஸருக்கு மேலே தடவும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்துப் புதிதாகத் தடவினாள். ஓடவிட்டுப் பார்த்தாள். திரையில் சூட்டின் அளவு ஏறியது. அறுபது, எழுபத்தெட்டு, தொண்ணூற்றொன்று. பட்டென்று இருட்டு.

டார்ச் அடித்துப் பார்த்தாள். போர்டில் மின்சாரம் தேக்கும் கெப்பாசிட்டர்கள் நான்கைந்து தலை உப்பி நின்றன. அவற்றைச் சுற்றிப் பழுப்பாய்க் கருகிய வட்டம். சூடு வருவது பிராசஸரிலிருந்து அல்ல, போர்டிலிருந்தே.

கடையில் பேசுகிற பேச்சு, யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"மதர் போயிடுச்சு. இனிமே தாங்காது. மாத்திட வேண்டியதுதான்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஃபேன் அக்காவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

போஸ்ட்மாஸ்டர் லேசாகச் சிரித்தார். "போனது தெரியும்மா. மாத்தறதைப் பத்திதான் யாரும் சொல்லலை."

"ஐயா, நான் மதர்போர்டைச் சொன்னேன்…"

"புரியுது. மாத்தினா காலையில வருவாளா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் எட்டு மாதமாக யாரையும் கூப்பிடவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

"ஐயா, குறிப்பிட்ட நேரத்துக்குத் தானா எழுந்துக்க அதுலயே ஒரு செட்டிங் இருக்கு. அம்மாதான் வெச்சிருப்பாங்க. புது போர்டுலயும் நான் அதே நேரம் வெச்சுத் தர்றேன்."

"அவளா? டி.வி. சேனலே நான்தான் மாத்திக் கொடுக்கணும்."

"நான் பொறுப்பு ஐயா. அஞ்சு பத்துக்கு வரும்."

கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுப்பது அவள் வழக்கம். ஒயர்கள் எது எங்கே என்று ஒன்று, செட்டிங் பக்கம் தெரியும்படி ஒன்று. எடுத்தாள். அதே ரகப் போர்டு கடையில் இருந்தது. போய் எடுத்துவந்து மாட்டினாள். பிராசஸர், மெமரி எல்லாம் புதியதற்குக் குடியேறின. நேரத்தைச் சரிபார்த்து, ஐந்து பத்துக்கு எழும்படி வைத்தாள். அரை மணி நேரம் ஓடியும் சூடு நாற்பதைத் தாண்டவில்லை. மகள் பெருமூச்சு விட்டாள். பழைய போர்டைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள் ஃபேன் அக்கா.

மறுநாள் காலை ஐந்தரைக்கு போன்.

"வந்துச்சும்மா," என்றார் போஸ்ட்மாஸ்டர். "அஞ்சு பத்துக்கு டாண்ணு வந்துச்சு."

"அப்பாடா."

"ஆனா சில்லுனு இருக்கு. இருபது நிமிஷமா கையை வெச்சிருக்கேன். இது யாரோ வேற பொண்ணும்மா. நல்ல பொண்ணுதான். ஆனா அவ இல்ல." ஒரு கணம் நிறுத்தினார். "மதரை என்ன பண்ணினீங்க?"

"பார்க்கறேன் ஐயா" என்று வைத்துவிட்டாள். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

பழைய செட்டிங்கில் ஏதாவது விட்டுவிட்டோமா என்று போட்டோவை எடுத்துப் பார்த்தாள். வரி வரியாகப் பெரிதாக்கினாள். நேரம், தேதி, ஃபேன் வேகம். தானாக எழும் நேரம் என்ற வரிக்கு எதிரே ஒரே ஒரு சொல்.

டிசேபிள்டு.

அந்த வசதி ஆன் செய்யப்படவே இல்லை. அந்த அம்மாள் எந்த நேரத்தையும் வைத்திருக்கவில்லை. யாருமே வைத்திருக்கவில்லை.

கெப்பாசிட்டர் கோளாறு, கரன்ட் கசிந்து தானாக ஸ்டார்ட் ஆகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கசிகிற கரன்டுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா என்ற கேள்வி நாள் முழுக்கக் கூடவே வந்தது.

அடுத்த நாள் யாரும் எழுப்பாமலே விழிப்பு வந்தது. அவள் வீட்டின் முன்பக்கம்தான் கடை. ஷட்டரைத் திறக்காமல் பின்வழியாகப் போனாள். பழைய சாமான் பெட்டியில் செய்தித்தாள் பொட்டலம் வைத்தபடியே இருந்தது. அதில் பிராசஸர் கிடையாது. ஒயர் கிடையாது. நாணயம் அளவு பேட்டரியைக்கூட அவளே நெம்பி எடுத்திருந்தாள். சும்மா ஒரு பலகை.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து பத்து.

பொட்டலத்தைத் தொட்டாள். காகிதம் வெதுவெதுப்பாக இருந்தது.

கையை எடுக்கத் தோன்றவில்லை. பயமும் இருந்தது, எடுத்தால் அவமரியாதை ஆகிவிடுமோ என்ற கூச்சமும் இருந்தது. யாரோ முன்பின் தெரியாத ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல நின்றாள். சரியாக ஐந்து இருபத்தொன்றுக்குச் சூடு தணிந்தது.

அன்று மாலை பொட்டலத்தோடு அந்த வீட்டுப் படியேறினாள். "ஐயா, மதரைக் கொண்டு வந்திருக்கேன். இது உங்ககிட்டயே இருக்கட்டும். காலையில நானும் வர்றேன்."

"எதுக்குக்கா அந்தக் குப்பையை மறுபடியும்?" என்றாள் மகள். ஃபேன் அக்கா பொட்டலத்தைப் போஸ்ட்மாஸ்டர் கையில் கொடுத்தாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு மூவரும் மாடியில் இருந்தார்கள். மகள் வழக்கம்போல நிலைப்படியில். போஸ்ட்மாஸ்டர் புது போர்டு மாட்டிய மெஷினைக் காட்டி, "முதல்ல அந்தப் பொண்ணைத் தூங்கச் சொல்லும்மா" என்றார். ஃபேன் அக்கா ஐந்து பத்து செட்டிங்கை எடுத்துவிட்டு பிளக்கையும் பிடுங்கினாள். அமுங்கிய மெத்தை மேல் பழைய போர்டை வைத்தார்கள். பக்கத்தில் இரண்டு கப் டீ.

ஐந்து பத்து.

போஸ்ட்மாஸ்டர் உள்ளங்கையை வைத்தார். அவர் முகம் தளர்ந்து, பத்து வயது குறைந்தது. "வந்துட்டியா," என்றார் மெதுவாக. "ரெண்டு நாளா எங்க போன?"

"அப்பா, என்னப்பா இது… கரன்ட் இல்லாம எப்படிப்பா…" மகள் எட்டு மாதத்தில் முதல்முறையாக நிலைப்படியைத் தாண்டினாள். ஒரு விரலை நீட்டித் தொட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு முழங்காலிட்டு, அப்பா கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள்.

ஃபேன் அக்காவின் கண் மட்டும் கடிகாரத்தில் இருந்தது. ஐந்து இருபது. ஐந்து இருபத்தொன்று. எத்தனையோ மெஷின் பார்த்தவள். சூடு எல்லை மீறினால் மெஷின் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் என்று தெரியும். இத்தனை நாள் பதினோரு நிமிடத்தில் நிறுத்தியது அதுதான். கடையில் தானாகவே தணிந்தது, அங்கே அதற்கு வேண்டியவர் யாரும் இல்லை.

ஐந்து இருபத்தைந்து. இரண்டாவது கப்பிலிருந்து ஆவி இன்னும் எழுந்துகொண்டிருந்தது. தொடாமலே சூடு அவள் முகத்தில் பட்டது.

அணைப்பதற்கு அதில் இப்போது எதுவுமே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயா, கையை எடுங்க," என்றாள்.

இரண்டு பேரும் எடுக்கவில்லை. அவள் எழுந்து போய் ஜன்னல் திரைச்சீலையைக் கழற்ற ஆரம்பித்தாள்.