தொப்பிக்காரனைத் தோண்டி எடுத்தவள்

மார்ச் 14, வெள்ளி. இன்று ஒரு சிறு பிழை. நான்கு மணிப் பிள்ளை போய்விட்டது என்று நினைத்து மணல்பெட்டியைக் கலைத்தேன். அது தண்ணீர்ப் புட்டியை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறது. வாசலில் நின்று பார்த்தது. அரை நிமிடம் இருக்கும். பிறகு ஓடிவிட்டது. மேடத்திடம் சொல்லவில்லை. இனி கதவைத் தாழ்போட்ட பிறகே கலைக்க வேண்டும்.

எழுதி முடித்து இரண்டு முறை படித்துப் பார்த்தாள். ‘சிறு’ என்ற சொல்லை அடிக்கலாமா என்று யோசித்தாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டாள்.

அவளை அங்கே எல்லோரும் நோட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். பகலில் குழந்தைகள் மனநல மையத்தின் மணல் அறையில் உதவியாளர். மாலையில் குழந்தைகள் மனநலப் படிப்புக்கு வகுப்பு. எது நடந்தாலும் நோட்டில் ஏறிவிடும். அலமாரியில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு பொம்மைகளுக்கும் அடியில் எண் ஒட்டியவள் அவள்தான். அதற்கு முன் சிங்கத்தின் மேல் ஆம்புலன்ஸும் மணப்பெண்ணின் மேல் முதலையும் கிடக்கும். இப்போது கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவாள்.

அறையில் வேலை எளிது போலத்தான் தெரியும். இடுப்புயர மேஜையில் மணல் நிரப்பிய மரப்பெட்டி. பிள்ளை வேண்டிய பொம்மைகளை எடுத்து வேண்டியபடி வைக்கும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. பெட்டிக்குள் கை வைக்கக் கூடாது. பிள்ளை போன பின் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த பிள்ளைக்காகக் கலைத்துவிட வேண்டும். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் கையால் சொல்லிவிடுவார்கள் என்பது மையத்தை நடத்தும் மேடத்தின் நம்பிக்கை.

நான்கு மணிப் பிள்ளைக்கு வயது ஏழு. சுண்டுவிரல் மாதிரி இருந்ததால் வீட்டில் சுண்டு. டிசம்பரில் ஒருநாள் அவள் அப்பா அவள் அம்மாவின் முகத்தைக் கதவுநிலையில் வைத்து வைத்து அடித்தான். சுண்டு கட்டிலுக்கடியில் இருந்தாள். அம்மாவை அடித்து முடித்துவிட்டுக் குனிந்து இவளைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து வந்ததால் உயிர் மிஞ்சியது. அப்பன் சிறையில். அம்மா ஆஸ்பத்திரியில், தாடைக்குக் கம்பி கட்டி, குழாய் வழியே குடித்துக்கொண்டு. சுண்டு தாய்மாமன் வீட்டில். அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்குவது கட்டிலுக்கடியில்.

மணல்பெட்டியில் அவள் செய்தது எல்லாம் கொலை. லாரி குடும்பத்தை ஏற்றிக் கொன்றது. சிங்கம் பசுவின் வயிற்றைத் தின்றது. நீல உடைப் பெண்பொம்மையைக் குப்புறப் போட்டு அதன் மேல் வீட்டைக் கவிழ்த்தாள். எட்டு முறை இப்படியே போயிற்று.

வெள்ளிக்கிழமைதான் முதல்முறையாகத் தொப்பிக்காரனை எடுத்தாள். அரையடி உயரப் பீங்கான் ஆள். முழங்கை மறையும்வரை குழி தோண்டி, தலைகீழாக உள்ளே இறக்கி, மணலை மூடி, தண்ணீர் ஊற்றி, முஷ்டியால் குத்திக் குத்தி இறுக்கினாள். மேலே பத்தொன்பது கல் அடுக்கினாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மாமாவுக்கு முன்னால் குதித்துக் குதித்து நடந்து போனாள்.

மேடம் அகமகிழ்ந்து போய்த் தேநீர் குடிக்கக் கிளம்பினாள். நோட்டு படம் எடுத்தாள். கல்லை எடுத்தாள். குழியைத் தோண்டினாள். தொப்பிக்காரனை வெளியே இழுத்து, ஊதித் துடைத்து, மூன்றாம் அடுக்கில் பதினேழாம் எண்ணில் நேராக நிறுத்தினாள். திரும்பினால் வாசலில் சுண்டு.

செவ்வாய்க்கிழமை மாமன் வந்தபோது நெற்றியில் பெரிய கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அவன் லாரிப் பட்டறை மெக்கானிக்.

“என்ன ஆச்சுங்க?” என்றாள் மேடம்.

“ஒண்ணுமில்ல மேடம். எம் மருமக என் தலையில ஸ்க்ரூ டைட்டா இருக்கான்னு பாத்திருக்கா. ஸ்பேனரால. ஏழு தையல்.”

சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“ஞாயித்துக்கிழமை காலையில, சாப்பிட வாம்மான்னு கட்டிலுக்கடியில குனிஞ்சேன். பொட்டுனு ஒரு அடி. விழுந்தப்பறமும் விடல. மூணு அடி. என் பொண்டாட்டி கைக்குழந்தைய வச்சிருக்கா மேடம். நாளைக்கு அதோட மண்டைய உடைச்சா யாரு பதில் சொல்றதுங்கறா. நான் என்னத்த சொல்ல?” சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். “விடுதியில சேக்கற பாரம். நாளைக்குக் கொண்டுபோய் விடச் சொல்லிட்டா. இன்னைக்குக் கடைசியா கூட்டிட்டு வந்தேன்.”

நோட்டு நாலு நாளாக மென்று விழுங்கியது தொண்டைக்கு வந்தது.

“மேடம், அது என் தப்பு.”

அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் கேட்டு முடித்தாள்.

“நோட்டுல எழுதினியா?”

“எழுதினேன்.”

“நோட்டா பிள்ளைய பாத்துக்கப்போகுது? வாயில என்ன கொழுக்கட்டையா?” குரல் உயரவில்லை, அதுதான் அதிகமாகச் சுட்டது. “அது அப்பனைக் கொன்னு பொதைச்சுது. நீ எழுப்பி, தூசி தட்டி, அலமாரியில நிக்க வச்ச. அதோட கண்ணு முன்னால. இப்ப உள்ள வா. நீயே உக்காரு.”

சுண்டு உள்ளே வந்ததும் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே அலமாரிக்குப் போனாள். தொப்பிக்காரன் பதினேழாம் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் மூன்றாம் அடுக்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பலகை ஆணியோடு பெயர்ந்து வந்தது. குதிரைகள், போலீஸ்காரர்கள், மணப்பெண் எல்லாம் தரையில் சிதறின. இரண்டாம் அடுக்கைக் கையால் வாரி வீசினாள். ஒரு கண்ணாடிக் குளப் பொம்மை சுவரில் பட்டுத் தெறித்தது. மணலை அள்ளி மேடத்தின் முகத்தில் எறிந்தாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“பொம்மைய என்ன வேணாலும் செய்யலாம்மா. ஆளுங்களை அடிக்கறதில்ல” என்றாள்.

சுண்டு கண்ணாடித் துண்டை எடுத்தாள். நோட்டு பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். பிள்ளை அவள் கையில் பல்லைப் பதித்தது. கட்டைவிரலுக்குக் கீழே சதையைக் கவ்வி, நாய்க்குட்டி மாதிரித் தலையை ஆட்டியது. இரத்தம் முழங்கைக்கு ஓடியது. நோட்டு கையை உதறவில்லை. உதறினால் பல் போய்விடும் என்று பயந்தாள். அதைவிடத் தனக்கு இது வேண்டியதுதான் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றுவதும் சரியில்லையே என்று அதற்குள் ஒரு சந்தேகம் வேறு. கண்ணாடித் துண்டு மட்டும் தரையில் விழுந்தது. காலால் தள்ளிவிட்டாள்.

பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் உண்டு. அதில் ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை.

“நான்தான் அவனை வெளிய எடுத்தேன்” என்றாள். “நீ நல்லா பொதைச்ச. அவனால தானா வெளிய வர முடியாது. நான் தோண்டி எடுத்தேன். அவனா வரல.”

பல் தளர்ந்தது. சுண்டு தலையைத் தூக்கினாள். வாயைச் சுற்றி இரத்தம்.

“நீதான் தோண்டின” என்றாள்.

மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த குரல் கரகரத்துப் போயிருந்தது.

“ஆமா. நான்தான்.”

“ஏன்?”

“நம்பர் வரிசையில வைக்கணும்னு.”

சுண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உலகத்திலேயே இப்படி ஒரு முட்டாளைப் பார்த்ததில்லை என்பது போல.

“லூசா நீ?”

“கொஞ்சம்.”

பிள்ளை சிதறிக் கிடந்ததைக் காலால் கிளறி, தொப்பிக்காரனைத் தேடி எடுத்தது. தரையில் படுக்க வைத்தது. பத்தொன்பது கல்லில் பெரியதைப் பொறுக்கிக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. முதல் அடியில் மூக்கு போயிற்று. இரண்டாவதில் தலை கழன்று உருண்டது. தலையைத் துரத்திப் பிடித்து அதையும் தூளாக்கியது. நெஞ்சு, தோள், கை. ஒவ்வொரு அடிக்கும் “குனியாத! குனியாத!” என்று கத்தியது. அடித்து அடித்து மூச்சு வாங்கியது. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த மாமன் அங்கேயே நின்றுவிட்டான். அவன் கை தானாக நெற்றிக் கட்டுக்குப் போயிற்று.

“அட கடவுளே” என்றான் மெதுவாக. “குனிஞ்சது நான்னு அவளுக்குத் தெரியவே இல்ல.”

சுண்டு தூளையும் துண்டுகளையும் இரண்டு கையாலும் வாரிப் பெட்டியில் போட்டாள். பிறகு நோட்டைப் பார்த்தாள்.

“நீ பொத.”

நோட்டு மேடத்தைப் பார்த்தாள். பெட்டிக்குள் கை வைக்கக் கூடாது என்பது முதல் விதி. மேடம் சரி என்று தலையை ஆட்டினாள். நோட்டு கடிபட்ட கையாலேயே தோண்டினாள். மணல் காயத்தில் எரிந்தது. சுண்டு பக்கத்தில் நின்று மேஸ்திரி மாதிரி வேலை வாங்கினாள். “இன்னும். இன்னும் ஆழமா. குத்து. நல்லாக் குத்து.” அறையில் கிடந்த கற்கள் எல்லாம் மேலே ஏறின.

“இனி தோண்டாத.”

சரி என்று சொல்லிவிட்டால் போதும். நாக்குநுனியில் இருந்தது. ஐந்து மணிக்கு அடுத்த பிள்ளை வந்துவிடும். அதற்கு இந்தப் பெட்டி வேண்டும். கலைத்தே ஆக வேண்டும்.

“அஞ்சு மணிக்கு வேற ஒரு பிள்ளை வருது” என்றாள். “அதுக்கும் மணல் வேணும். உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். என்ன செய்றதுன்னு எனக்குத் தெரியல.”

சுண்டு இரண்டு கையையும் கல் குவியலின் மேல் வைத்துக் குறுக்கே படுத்துக்கொண்டாள். இழுத்தால் மறுபடி கடிப்பாள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

மேடம் எழுந்தாள். முடியிலிருந்து மணல் கொட்டியது. “அஞ்சு மணிப் பிள்ளை பக்கத்து ரூம்ல இருக்கற பழைய மணல் பெட்டியில விளையாடட்டும். இதை மூடிருவோம். இருபது வருஷமா இப்படி மூடினதில்ல. இன்னைக்கு மூடுவோம்.” மாமன் பக்கம் திரும்பினாள். “வண்டியில ஆணி, சுத்தியல் இருக்குமே?”

பெயர்ந்து விழுந்த மூன்றாம் அடுக்குப் பலகையை மாமன் பெட்டியின் மேல் வைத்து ஆணி அடித்தான். சுண்டு ஆணி பிடித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவன் குனிவதற்கு முன் “மாமாதான், குனியறேன்” என்று சொல்லிவிட்டுக் குனிந்தான். நாலாவது ஆணிக்கு அவள், “தெரியும் மாமா” என்றாள். அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான்.

தாழ்வாரத்தில் மனைவியோடு போனில் பேசுவது உள்ளே கேட்டது. “பேசினாடி... ஆமா, வாயால... இல்ல, நான் கதை விடல... கட்டிலுக்கடியில யாரும் குனியக் கூடாது, அவ்வளவுதான்... தெரியுது, கைக்குழந்தை இருக்குன்னு எனக்கும் தெரியுது... வெள்ளிக்கிழமை வரைக்கும். அதுவரைக்கும் பாப்போம். சரி, ஸ்பேனர் எல்லாத்தையும் பட்டறையிலேயே வச்சிடறேன்.”

விடுதி பாரத்தை அவன் கிழிக்கவில்லை. மடித்து அதே பைக்குள் வைத்துக்கொண்டான். போகும்போது சுண்டு அவனுக்கு முன்னால் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு போனாள்.

மேடம் நோட்டின் கைக்கு மருந்து போட்டுக் கட்டினாள். திட்டவில்லை. “ஊசி போட்டுக்க. மனுஷப் பல்லு, விளையாட்டில்ல” என்று மட்டும் சொன்னாள்.

வகுப்புக்குப் போகும் வழியில் பேருந்தில் உட்கார்ந்து நோட்டு எழுதினாள். இடதுகை எழுத்து, கோணல்மாணலாக வந்தது. வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்குப் போய் ‘சிறு’ என்ற சொல்லை அடித்தாள். பிறகு நாளைக்கான புதுப் பக்கம்.

மார்ச் 19, புதன். எட்டரைக்கு மணல் அறையைத் திறக்க வேண்டும். ஆணி அடித்த பெட்டியைத் தொடக் கூடாது. தரையில் சிந்திய மணலையும் கண்ணாடி, பீங்கான் சில்லுகளையும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, வெறுங்காலோடு ஒருமுறை நடந்து பார்த்த பிறகே பத்து மணிப் பிள்ளையை உள்ளே விட வேண்டும்.