பிரிவெட்

8 ஜூலை 1965, வியாழன்

'பிரிவெட்' என்பது ஒரு செடியின் பெயர். அதை 'பிரைவேட்' என்று நான் எடுத்துக்கொண்டது தவறு. இன்று மாலை, நான் போகும் இங்கிலீஷ் வகுப்பில் ஆசிரியரின் அகராதியில் பார்த்தேன். வேலிக்காக வளர்க்கும் புதர்ச்செடியாம். சிறிய வெள்ளைப் பூ பூக்குமாம்.

போன மாதம் எங்கள் ஆபீஸ் அதிகாரி கிருஷ்ணமூர்த்தி சார், டெலானிபூர் மேட்டில் தம் குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தைக் காட்டி, "இங்கே ஒரு பிரிவெட் ஹெட்ஜ் வேணும். ஊட்டியில எங்க வீட்டைச் சுத்தி இருந்தது" என்றார். என் காதில் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் என் இங்கிலீஷ் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. படித்தவர்கள் பிரைவேட்டை இப்படித்தான் சொல்வார்கள் போலும் என்று என் காதைத் திருத்திக்கொண்டேன். தோட்டக்காரர் ஜம்புலிங்கத்திடம், "பின்பக்கம் யாரும் வரக்கூடாதாம் அண்ணே, நெருக்கமா வைக்கணும்" என்றேன்.

அவர் மருதாணிப் போத்துகளை ஊன்றினார். இந்த மழையில் எல்லாம் துளிர்த்துவிட்டன. கீழ்ச்சாலையிலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதையும் அவற்றோடு அடைபட்டுப்போனது.

அந்தப் பாதையில் வருபவர் செல்வம்மாள் அக்கா. கடலுக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில் எங்கள் பக்கத்து வீடு. மீன் கூடையோடு, நான் வேலைக்கு வரும் படகிலேயே வருவார். இப்போது சாலையைச் சுற்றி அவர் மேலே வருவதற்குள் மற்ற மீன்காரர்கள் விற்று முடித்துவிடுகிறார்கள். இன்று காலை படகில் முட்டியைக் காட்டினார். நேற்று வேலியோரச் சரிவில் ஏறப் பார்த்துச் சறுக்கியிருக்கிறார்.

"ஏலே பிரகாசம், ஒங்க சாருக்கு வேலியில மருதாணி. எனக்கு முட்டியில. நல்லா செவந்திருக்கா பாரு."

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்திருக்கக் கூடாது.

"பாதி மீனு திரும்ப வருது. கருவாடு போட வெயிலும் இல்ல. சாரு ஏம்லே வழிய அடைச்சாக? நான் என்ன செஞ்சேன் அவுகளுக்கு?"

"கேட்டுச் சொல்றேன் அக்கா" என்றேன். இனி கேட்க ஒன்றுமில்லை. அடைத்தது நான்.

9 ஜூலை, வெள்ளி

அகராதியில் பார்த்ததை முதலில் ஜம்புலிங்கத்திடம் சொன்னேன்.

"அரே பாபு, நீதானே ரஸ்தா பந்த், வழியை மூடணும்னு சொன்னே? மீன்காரம்மா தினமும் என்னைத்தானே திட்டுது. சாப் கிட்ட நீயே போய்ச் சொல்லு. என்னை இழுக்காதே."

சாரிடம் சொல்லவேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். முதலில் செடி, அடுத்து பாதை, பிறகு அக்கா. "சார், நீங்க கேட்டது பிரிவெட். வச்சிருக்கிறது மருதாணி" என்று தொடங்கினேன்.

"அது இங்கே எங்கே கிடைக்கும்? இதுவே நன்னா வந்திருக்கு. பின்னாடி ஆள் நடமாட்டமும் நின்னுபோச்சு. உன் ஐடியாவாமே? உன்னை வேலையில பர்மனென்ட் பண்ணச் சொல்லலாம்னு இருக்கேன்."

"தேங்க் யூ சார்" என்று வெளியே வந்துவிட்டேன். மற்ற இரண்டும் பாக்கி. கேட் வரை போனேன், திரும்பினேன், மறுபடியும் கேட்டுக்குப் போனேன். ஜம்புலிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் உள்ளே போய், "அது ஐடியா இல்லை சார், என் தப்பு" என்று பாதையையும் அக்கா விழுந்ததையும் சொன்னேன்.

"வழியை மூடுன்னு நான் சொன்னேனா?"

"இல்லை சார்."

"அப்புறம் என்னை ஏன் கேக்கறே?"

பேப்பரைத் தூக்கிக்கொண்டார். அது அனுமதியா, கோபமா என்று படகில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். பர்மனென்ட் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

கரையில் இறங்கியதும் அக்காவிடம், "சார் அடைக்கலை அக்கா. நான்தான்" என்றேன்.

அவர் கூடையை இறக்கி வைத்தார். "நீயாலே? சாரத் திட்டின திட்டெல்லாம் வீணாப் போச்சே. சரி, நீயே தொறந்து விடு. ஒன்னய மாதிரி ஒல்லிக்குச்சி நுழையிற மாதிரி தொறக்காத. கூடையோட நான் போவணும்."

நாளை சனிக்கிழமை. முதல் படகில் போய், ஜம்புலிங்கத்திடம் மண்வெட்டி வாங்கி, பாதை இருந்த இடத்துச் செடிகளை வேரோடு எடுத்து சார் வீட்டு முன்பக்கம் நட வேண்டும்.