சூடேறிய லேப்டாப்பும் மஸ்கட் மாப்பிள்ளையும்

"கையை அசைக்காதீங்க மாமா! இன்னும் கொஞ்சந்தான், அப்படியே பிடிங்க!"

இசக்கிதுரை போட்ட சத்தத்தில், கீழே தாராவித் தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று மாடியை அண்ணாந்து பார்த்தார்.

மாடி அறையில் பிச்சையா ஒரு லேப்டாப்பைச் சீர்த்தட்டு ஏந்துவதுபோல இரண்டு கைகளிலும் ஏந்தி நின்றிருந்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் டேபிள் ஃபேனை மல்லாக்கச் சாய்த்து லேப்டாப்பின் அடிவயிற்றுக்குக் காற்றுக் காட்டிக்கொண்டிருந்தாள். திரையில் வைரஸைத் தேடும் பச்சைப் பட்டை பாதியைத் தாண்டியது. முக்கால் ஆயிற்று. இசக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

பொட்டென்று திரை இருண்டது.

"போயிட்டு" என்றார் பிச்சையா, ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொல்கிற குரலில்.

"காலையிலேர்ந்து இதே கூத்துதான்" என்றாள் மீனாட்சியம்மாள். "வருது, கொதிக்கு, அணையுது. நாலு மணிக்கு மஸ்கட் மாப்பிள்ளை வீடியோவுல பொண்ணு பாக்க வாராரு. அதுக்குள்ள நீ என்ன செய்வியோ ஏது செய்வியோ!"

"போன்ல பேசிக்கிடலாம்லா அத்தை?"

"போன்ல பாத்தா பிள்ளைக்கு மூக்குப் பெருசாத் தெரியுது. பெரிய ஸ்கிரீன்னாத்தான் லட்சணம்."

"மூக்கே பெருசுதாம்மா. மஸ்கட்டுக்கும் தெரியட்டும்" என்றாள் மூலையில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்த மூக்குக்காரி.

முத்துமாரி. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, புடவை முந்தானையில் சிப்ஸ் தூள். செம்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மாநகராட்சிப் பள்ளியில் இசக்கியோடு ஒரே வகுப்பில் படித்தவள். அன்று முதல் இன்றுவரை அவனைக் கிண்டல் செய்வதை ஒரு கடமையாகவே வைத்திருந்தாள்.

"என்ன இன்ஜினியரே! இது நீ வித்த லேப்டாப்தான? 'கல்லு மாதிரி கெடக்கும் மாரி'ன்னு சொன்னியே. சொன்ன மாதிரியே கல்லாக் கெடக்கு!"

"நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. நீ என்னத்தப் பண்ணுனியோ."

"அச்சா! கடைக்காரங்க எல்லாரும் சொல்லுத வசனம்."

இசக்கி திருப்புளியை எடுத்தான். தொண்ணூறு அடி ரோட்டில் அவனுக்குச் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை. எத்தனையோ லேப்டாப்புகளைப் பிழைக்கவைத்த கை அது. இன்று மட்டும் ஏனோ ஸ்க்ரூ வழுக்கிக்கொண்டே போனது.

ஏன் என்று அவனுக்குத் தெரியும். இந்தப் பெட்டி பிழைத்தால் மஸ்கட்காரன் முகம் திரையில் வரும், பேசுவான், பிடித்துப்போகும். அப்புறம் முத்துமாரி விமானம் ஏறிவிடுவாள். அவளிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை இசக்கி எவ்வளவோ காலமாக நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு திரிந்தான். சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் ஒருமுறை சொல்லக்கூடப் போனான். அவள், "என்ன, வாயைத் திறந்துக்கிட்டு நிக்க? ஈ போயிரும்" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

"மருமவனே, சட்டுனு பாருய்யா" என்றார் பிச்சையா.

இசக்கியின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. பால்காரர், கேபிள்காரர், பஸ் கண்டக்டர் என்று பாதி பம்பாயை அவர் மருமவனே என்றுதான் கூப்பிடுவார். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அந்தத் துள்ளல் நிற்கவில்லை.

அடிமூடியைக் கழற்றினான். காற்றுப் போகும் வழியில், பிச்சையாவின் பை தைக்கும் பட்டறையிலிருந்து பறந்து வந்த தோல் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. பிரஷ்ஷால் தட்டி எடுத்தான். உள் விசிறியை விரலால் சுண்டினான், நன்றாகச் சுற்றியது. மூடிவிட்டுப் போட்டான். லேப்டாப் உயிர்பெற்றது, மறுபடி இரைய ஆரம்பித்தது, கொதித்தது, அணைந்தது.

"தூசி இல்ல, வேற ஏதோ இருக்கு" என்றான்.

இந்த முறை சேஃப் மோடில் திறந்தான். அதாவது அத்தியாவசியமானது மட்டும் ஓடும், மற்றதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கும். அப்படித் திறந்ததும் லேப்டாப் பச்சைப்பிள்ளை மாதிரி அமைதியாகக் கிடந்தது. சூடே இல்லை.

அப்படியென்றால் கோளாறு மெஷினில் இல்லை. யாரோ உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இசக்கி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். சட்டென்று அவன் புருவம் ஏறியது.

"மாமா, இதுல ஜாதகம் பாக்குற புரோகிராம் ஒண்ணு கெடக்கு. 'பத்துப் பொருத்தம், ஜோசியரே வேண்டாம், முற்றிலும் இலவசம்.' இதை யாரு ஏத்துனா?"

சிப்ஸ் மெல்லும் சத்தம் நின்றுவிட்டது.

"இது கூடவே இன்னொருத்தன் ஒட்டிக்கிட்டு வந்திருக்கான். எங்கயோ ஒருத்தன் சம்பாதிக்கதுக்கு, ஒங்க லேப்டாப் ராப்பகலா கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கு. அதான் கொதிக்கு. சூடு எல்லை மீறுனா கருகிராம இருக்க அதுவே அணைஞ்சிருது."

மீனாட்சியம்மாள் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"நீருதான?"

"ஏ, நானா? எனக்கு அதை ஆன் பண்ணவே தெரியாதுட்டி!"

"நம்ம ஜோசியரு சொன்னதுல ஒமக்கு நம்பிக்கை இல்ல. நாலு பேரு முன்னால அவருகிட்டயே சண்டைக்குப் போனீரு. இப்பம் இலவசம்னதும் இறக்கிப்புட்டீரு!"

"அம்மன் சத்தியமா நான் இல்ல!"

"சண்டை வேண்டாம் அத்தை, அழிச்சிட்டாப் போதும்" என்றான் இசக்கி. அவன் விரல் பட்டனுக்கு மேலே நின்றது.

நின்றது, அங்கேயே நின்றது.

ஒரே ஒரு பொய். 'கடைக்குக் கொண்டு போகணும் மாமா, ரெண்டு நாளாவும்.' யாருக்கும் சந்தேகம் வராது. இன்றைக்குப் பேச்சு நடக்காது. மஸ்கட்காரனுக்கு நாளை முதல் டூட்டி, பேச நேரம் இருக்காது. பொய் தயாராக நாக்கில் வந்து உட்கார்ந்தது.

"என்ன இன்ஜினியரே, பெரிய நோவா?" என்றாள் முத்துமாரி. "கடைக்குக் கொண்டுபோயி நிதானமாப் பாக்கணும்னாலும் பாரு. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"ஏட்டி! அவசரமில்லையா?" என்று பாய்ந்தாள் அம்மா.

இசக்கி பிச்சையாவைப் பார்த்தான். மனுஷர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோல இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கில் இருந்த பொய் வழுக்கி உள்ளே போய்விட்டது.

"சின்னதுதான் மாமா. இப்பம் சரியாயிரும்."

அழித்தான். ஒட்டிக்கொண்டு வந்தவனையும் தேடிப் பிடித்து வேரோடு பிடுங்கினான். மறுபடி சாதாரணமாகத் திறந்து வைரஸ் தடுப்பை ஓடவிட்டான். பச்சைப் பட்டை பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, கடைசிவரை போய்ச் சேர்ந்தது. லேப்டாப் குளிர்ந்து கிடந்தது.

"ஒனக்கு வேலை தெரியாதுன்னு நெனச்சுட்டேன்" என்றாள் முத்துமாரி. "நல்லாவே தெரியுது." அவள் குரலில் பாராட்டு துளிக்கூட இல்லை.

இசக்கிக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தை யார்மீதாவது இறக்க வேண்டியிருந்தது. முகம் தெரியாத குற்றவாளிதான் வாகாகக் கிடைத்தான்.

"இதை ஏத்துன ஆளைத்தான் சொல்லணும். 'வைரஸ் தடுப்பை நிறுத்தட்டுமா'ன்னு அது கேட்டிருக்கு. சரின்னு நிறுத்தியிருக்காங்க. 'தெரியாத ஆளு, உள்ள விடலாமா'ன்னு கேட்டிருக்கு. அதுக்கும் சரி! அவ்வளவு அவசரம்! மூளை இருக்கவங்க செய்யுற வேலையா இது?"

"கேட்டீரா? மூளை இல்லையாம்" என்றாள் மீனாட்சியம்மாள் கணவனிடம். "இனிமே இந்த லேப்டாப்பை நீரு தொடவே கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாக?"

பிச்சையா பரிதாபமாக விழித்தார்.

சிப்ஸ் பாக்கெட் கீழே வைக்கப்பட்டது. முத்துமாரி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அப்பாவை விடும்மா. அந்த மூளையில்லாதது நாந்தான்."

"நீயா?" என்றன மூன்று குரல்கள்.

அந்த நேரம் பார்த்து லேப்டாப் கூப்பிட்டது. திரையில் மஸ்கட் மாப்பிள்ளையின் படம், கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரித்தது. யாரும் எடுக்கவில்லை.

"ஒனக்கு எதுக்குட்டி ஜாதகம்?" மீனாட்சியம்மாளுக்குத் தலை சுற்றியது. "மஸ்கட்டுக்குத்தான் ஜோசியரு பாத்துட்டாரே!"

"மஸ்கட்டுக்குப் பாக்கல."

"பின்ன?"

"நான் யாரைச் சொன்னாலும் நீங்க முதல்ல கேக்கப்போறது பொருத்தந்தான? அதான், நீங்க கேக்குமுன்ன நானே பாத்துருவோம்னு இறக்குனேன்."

லேப்டாப் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இசக்கி கையில் திருப்புளியோடு வாயைத் திறந்துகொண்டு நின்றான். முத்துமாரி அம்மாவிடமிருந்து பார்வையைத் திருப்பி, முதல்முறையாகக் கொஞ்சம் வெட்கத்தோடு அவனைப் பார்த்தாள்.

"ஒன் நட்சத்திரம் விசாகம்னு ஒங்க அம்மாகிட்ட நைசாக் கேட்டு வாங்குனேன். எட்டுப் பொருத்தம் வந்துட்டு. மிச்சம் ரெண்டையும் காட்டுததுக்குள்ள, நீ வித்த லேப்டாப் அணைஞ்சு போச்சு."