ஒரே ஒரு லட்சுமி வெடி

அடுத்த வெடி வெடிப்பதற்குள் அப்பாவின் இடது காதிலும் பஞ்சை வைத்துவிடலாம் என்று வேதா நினைத்தாள். உருட்டிக்கொண்டிருக்கும்போதே வெடித்துவிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கட்டிலில் அப்பாவின் தோள்கள் ஒருமுறை துள்ளி விழுந்தன. பிறகு இருமல் வந்தது. மார்பில் மிச்சமிருந்த கொஞ்சம் மூச்சையும் அது இழுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது.

"ஆட்டம் பாம்," என்றாள் அம்மா ரமா. சத்தத்தை வைத்தே வெடியின் பெயரைச் சொல்வது அப்பாவின் வழக்கம். இன்று அவருக்காக அம்மா சொன்னாள்.

காலை மணி ஏழு ஆகியிருந்தது. நான்கு மணிக்கே தொடங்கிய தீபாவளி. புகை கொசுவலைக்குள்ளும் புகுந்துவிட்டது. பத்து நாட்களுக்கு முன் ஆஸ்பத்திரியில், "வீட்ல வெச்சுப் பாத்துக்குங்க, நிம்மதியா இருக்கட்டும்," என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நிம்மதி எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை.

சேலையூரில் இந்தத் தெருவுக்கு அப்பா சுப்ரமணியன் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. நகர் நலச்சங்கத்தின் செயலாளர். தண்ணீர் லாரி வராததற்கு மனு, தோண்டிய சாலையை மூடாததற்கு மனு, கோயில் ஒலிபெருக்கிக்கு மனு. அவர் சொல்லச் சொல்ல வேதாதான் டைப் அடிப்பாள். மறைமலை நகர்த் தொழிற்சாலையில் நாள் முழுக்க அடித்துவிட்டு, மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, வீட்டிலும் அடிப்பாள். மனுக்களில் பாதி எதிர்வீட்டுத் துளசிங்கத்தைப் பற்றியவை. இந்த மனைகளெல்லாம் ஒரு காலத்தில் துளசிங்கத்தின் தாத்தா நெல் போட்ட வயல்கள். இப்போது அவர் செங்கல், மணல் வியாபாரம். ஐப்பசி வந்தால் லைசென்ஸ் இல்லாமல் முன்னறையில் பட்டாசுக் கடை. சரக்கு நல்ல சரக்கு என்று காட்டுவதற்காக, பண்டிகைக்கு இருபது நாள் முன்பிருந்தே நடுத்தெருவில் வெடித்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது ஒரு சரம். அது முடியும்வரை வேதா அப்பாவின் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றாள். அவர் கண் திறக்கவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் இமை மட்டும் நடுங்கியது.

ரயிலில் படித்த ஒரு மொழிபெயர்ப்பு நாவல் அவளுக்கு நினைவு வந்தது. வெகுதூரத்து நகரம், குளிர்காலம். ஒரு வீட்டில் ஒருவர் சாகக் கிடக்கிறார். குதிரை வண்டிச் சத்தம் அவரைத் தொடாமலிருக்க, வாசலில் தெரு முழுக்க வைக்கோல் பரப்பிவிடுகிறார்கள். வண்டிகள் சத்தமில்லாமல் போகின்றன. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்திருந்தாள்.

"நான் போய்க் கேட்டுட்டு வரேம்மா."

"யார் கிட்ட, துளசிங்கத்துகிட்டயா? வேண்டாம்டி. ஜீப் வந்ததை அவன் மறப்பானா?"

மறந்திருக்க முடியாது. மூன்று வருடத்துக்கு முன் அப்பாவின் மனுவுக்குப் பலன் கிடைத்தது. தீபாவளிக்கு முதல் நாள் போலீஸ் வந்து நான்கு பெட்டிப் பட்டாசையும் துளசிங்கத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம்தான் அவர் திரும்பி வந்தார். அது அவர் மகளுக்குத் தலை தீபாவளி.

வேதா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

துளசிங்கம் வாசலில் ஊதுவத்தியோடு நின்றிருந்தார். புது வேட்டி, நெற்றியில் எண்ணெய் மினுமினுப்பு. பின்னால் படியில் அவர் மனைவி தையல்நாயகி.

"இன்னா பாப்பா, மனுவா? கையிலயே குடுக்க வந்துட்டியா?"

"மனு இல்லண்ணா. அப்பாக்கு ரொம்ப முடியல. இன்னிக்குத் தாண்டாதுன்னு நேத்து வந்து பாத்த டாக்டர் சொல்லிட்டார். ஒவ்வொரு வெடிக்கும் தூக்கித் தூக்கிப் போடுது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

துளசிங்கம் ஊதுவத்தியை ஊதிச் சாம்பலைத் தட்டினார்.

"என்ன ஜீப்ல ஏத்துனாங்களே, அந்த மனுவ இன்ஸ்பெக்டர் என்கிட்ட காட்டுனாரு. கீழ ஓரமா குட்டியா ரெண்டு எழுத்து இருந்திச்சி. அடிச்சவங்க பேருன்னாரு. அது நீதான?"

"நான்தான்."

"ஒரு தப்பு இல்லாம அடிச்சிருந்த. மருமவன் எதுர போலீசு கைய புட்ச்சி இட்டுகினு போவுது, நான் இன்னா யோசிச்சிகினு போனேன் தெரியுமா? வறட்சி வருசத்துல இவங்களுக்கு என் கெணத்துல இருந்து தண்ணி உட்டனே, அத யோசிச்சிகினு போனேன். அதுக்கும் உங்கப்பா, மோட்டார் சத்தம் தாங்கலன்னு மனு போட்டாரு."

வேறெதுவும் தோன்றாமல் வேதா வைக்கோல் விஷயத்தைச் சொன்னாள். தான் படித்த ஊரில் இப்படிச் செய்வார்கள் என்றாள். சொல்லும்போதே அபத்தமாக இருந்தது. கண் நிறைந்துவிட்டது.

துளசிங்கம் முழுக்கக் கேட்டார்.

"வைக்கல் போட்டா சத்தம் நிக்காது பாப்பா. பத்திக்கும்."

படியிலிருந்து தையல்நாயகி, "மனுசன் கெடக்கறாரு, இன்னாத்துக்குப் பேச்ச வளத்துகினு கீற," என்றாள். "அந்த வத்திய அணை."

அவர் மனைவியைப் பார்த்தார். வேதாவைப் பார்த்தார். பிறகு ஊதுவத்தியைச் சுவரில் தேய்த்து அணைத்தார்.

"தெரு லைட்டு சார் மனு போட்டுதான் வந்திச்சி," என்றார், யாரிடமோ நியாயம் சொல்வதுபோல. "நீ வூட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாக அவர் போவதை வேதா ஜன்னல் வழியே பார்த்தாள். கோடிவரை போனார். அடுத்த தெருவுக்கும் திரும்பினார். எட்டரை மணிக்குத் தெருவில் சத்தமே இல்லை. ஒரு காக்கை கரைந்தது. தூரத்தில் ரயில் போனது. பதினைந்து வருடத்தில் தீபாவளியன்று இந்த வீட்டுக்குள்ளிருந்து ரயில் சத்தம் கேட்பது இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவின் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு அவர் கண் திறந்தார். இரண்டு நாளைக்குப் பிறகு தெளிவான பார்வை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி எதையோ கூர்ந்து கேட்டார்.

"வேதா. இன்னிக்குத் தீபாவளிதானே?"

"ஆமாம்பா."

"காலைல வெடிச்சான். இப்ப இல்லையே."

"தூங்குங்கப்பா."

"திடீர்னு நின்னிருக்கு." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். "தெருவே நின்னிருக்கு. அத்தனையும் அவன் பங்காளி வீடு. அவன் பெரியப்பா... பம்மல்ல இருக்காரே, முடியாம. அவர் போயிட்டார் போலருக்கு."

அம்மாவும் வேதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பங்காளியில் சாவு விழுந்தால் அந்த வருடம் முழுக்கப் பண்டிகை கிடையாது. பலகாரம் செய்யக் கூடாது, வெடிக்கக் கூடாது. இந்த ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அப்பா தன் மூளையில் மிச்சமிருந்ததையெல்லாம் திரட்டி அந்தக் கணக்கைப் போட்டிருந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா... புதுத்துணி எல்லாம் எடுத்திருப்பான்," என்றார். "ரமா, என்ன பண்ணிருக்கே?"

"கொஞ்சம் அல்வா. அடுப்புல ஒண்ணும் ஏத்தாம இருக்கக் கூடாதேன்னு."

"அவங்க வீட்ல பண்ண மாட்டா. குடுத்தனுப்பு. துக்கம் விசாரிச்சுட்டு வரச் சொல்லு." பிறகு, "நான் வர முடியலன்னு சொல்லு," என்றார்.

வேதா உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். உள்ளே போய், கல்யாணத்தில் வந்த சின்னத் தூக்கில் அல்வாவை முழுவதும் வழித்துப் போட்டாள். அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக 'ரமா' என்று வெட்டியிருக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே பதினைந்து வருடத்தில் பாத்திரம் எதுவும் போய் வந்ததில்லை.

எதிர்வீட்டில் துளசிங்கம் தூக்கை வாங்கவில்லை. "இன்னாது இது?"

வேதா சொன்னாள். அப்பா கேட்டது, போட்ட கணக்கு, பெரியப்பா, புதுத்துணி, வர முடியவில்லை என்று சொல்லச் சொன்னது, எல்லாம்.

தையல்நாயகிக்கு முதலில் சிரிப்பு வந்தது. "பெரியவரு காலைலதான் ஆறு இட்லி துன்னாருன்னு ஆளு வந்து சொல்லிட்டுப் போறான்." சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை வெகுநேரம் எடுக்கவில்லை. மற்றொரு கையால் தூக்கை வாங்கிக்கொண்டாள்.

துளசிங்கம் திண்டில் உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்க வூட்ல சாவுன்னு நெனச்சிகினா படுத்துகினு கீறாரு?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா. அதான் அவருக்கு மனசு கேக்கல."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. நாங்கதான் நிறுத்தச் சொன்னோம்னு தெரிஞ்சா உங்கள நெனச்சு இன்னும் வருத்தப்படுவார்."

அவர் எழுந்து உள்ளே போனார். முன்னறையில் அட்டைப் பெட்டிகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் மூன்று இருந்தன. சந்தையில் வெண்டைக்காய் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"குருவி வெடி அவருக்குக் கேக்காது. இது ரொம்பப் பெரிசு, ஆவாது. லட்சுமி வெக்கறேன். ஒண்ணே ஒண்ணு. நாங்க நல்லாத்தான் கீறோம்னு தெரியணும், அவ்ளோதான். தள்ளி, கோடியில வெக்கறேன். நீ போய் அவர் கைய புட்ச்சிக்கோ. நூறு எண்ணிட்டுப் பத்த வெக்கறேன்."

வேதா ஓடினாள். கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது மழையில் நனைந்த காகிதம்போல் இருந்தது. "அப்பா, அவங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களாம். பெரியவர் இட்லி சாப்பிட்டாராம். சும்மாதான் நிறுத்தியிருந்தாங்க."

அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறார். கண்ணை மூடிக்கொண்டார்.

தெருக்கோடியில் வெடித்தது.

தோள் துள்ளவில்லை. விரல்கள் மட்டும் அவள் கையை லேசாக இறுக்கின. இருமலுக்காக அம்மா துணியோடு நின்றாள். வரவில்லை.

"லட்சுமி," என்றார் அப்பா. கொஞ்சம் கழித்து, "துளசிங்கத்துதுதான்," என்றார். பிறகு வெகுநேரம் கழித்து, மூச்சோடு மூச்சாக, "நல்ல வேளை."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மத்தியானம் மூன்றரை மணிக்கு, ரயில் ஒன்று போய், அதன் சத்தம் மெல்லத் தேய்ந்து நின்றது. அப்பாவின் மூச்சும் நின்றிருப்பதை அம்மாதான் முதலில் கவனித்தாள். தெருவில் அப்போதும் யாரும் வெடிக்கவில்லை. காலையில் எடுத்து வைத்த பஞ்சு ஜன்னல் மேடையில் உருண்டையாகவே இருந்தது.

அப்பாவின் தம்பி சாம்பசிவன் பெங்களூரிலிருந்து விடியற்காலையில் வந்து சேர்ந்தார். எட்டு மணிக்கு எடுத்தார்கள். துளசிங்கம் வீட்டு மனிதர்களை எடுக்கும்போது வழியெல்லாம் சரம் வெடித்துக்கொண்டு போவார்கள். வயதானவர் என்றால் இன்னும் அதிகம், அதுதான் மரியாதை. அதற்கும் அப்பா மனு எழுதியிருக்கிறார். இன்று துளசிங்கம் வாசலுக்கு வந்து வேதாவைத் தனியாக அழைத்தார்.

"எங்க பசங்க சரம் எடுத்துகினு நிக்கறானுங்க. சாருக்கு வெக்காம அனுப்பறது எங்களுக்கு ஒரு மாரியா கீது. ஆனா அவரு..."

"வேண்டாம்ணா."

"அதான். நானும் அதான் சொன்னேன்." அவர் போய்த் தோள் கொடுத்தார். முன்பக்கம், இடதுபுறம். தெருவோரம் நின்ற அவர் ஆட்கள் சரங்களைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் கையோடு பின்னால் நடந்தார்கள். ஊர்வலம் கேம்ப் ரோடு பக்கம் திரும்பும்வரை செருப்பில்லாத காலடிச் சத்தம் மட்டும் கேட்டது, வைக்கோல்மேல் நடப்பதுபோல.

வேதா வீட்டைக் கழுவிவிட்டாள். தீபாவளிக்கு மறுநாள் அப்பா தெருவிலுள்ள சிவப்புக் காகிதக் குப்பையைத் தானே பெருக்கி, யார் எவ்வளவு போட்டது என்று சொல்லிக்கொண்டே அள்ளுவார். இன்று யாரோ விடியும் முன்பே பெருக்கியிருந்தார்கள். அவர்கள் வாசலிலும்.

அம்மா கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளியே இரும்புக் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. வேதா போனபோது அங்கே யாரும் இல்லை. தையல்நாயகி தெருவைக் கடந்து தன் வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டிலிருந்து விடைபெற்றுக்கொள்ளக் கூடாது என்பதால் திரும்பிப் பார்க்கவில்லை.

மதில்மேல் தூக்கு இருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் புதுசுபோல் ஆக்கியிருந்தார்கள். மூடியைத் திறந்தாள். குழைய வடித்த சாதமும் ரசமும். ஆவி முகத்தில் அடித்தது.

"யாருடி?" என்றாள் அம்மா உள்ளிருந்து.

வேதா தூக்கை அம்மாவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அம்மா அதன் வயிற்றில் இருந்த எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள். சூடு பொறுக்காமல் எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"ரெண்டு தட்டு எடுத்துண்டு வா," என்றாள்.