குமிழியின் வால் எந்தப் பக்கம்

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், கண்ணுகளா. எதிர் நாற்காலிகளில் தலை நரைக்கத் தொடங்கிய இரண்டு பேர். ஒருவர் வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் தாங்கிக்கொண்டே சண்டை போட்டார். சொத்துத் தகராறு போலும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். இல்லை, முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காமிக்ஸ்.

“செங்கழுகு விட்டுக்கொடுத்தது துரோகம்யா. அன்னைக்கே கிழிச்சுப் போட்டேன்.”

“கிழிச்சுட்டு மறுநாள் பசை போட்டு ஒட்டினியே, அதையும் சொல்லு.”

அதற்குள் கன்னம் வீங்கியவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பதிலை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். ஒரு பதிப்பகத்தின் நாயகன் செங்கழுகு. போட்டிப் பதிப்பகத்தின் நாயகன் இடிமாறன். இருவரையும் ஒரே கதையில் மோதவிட்டார்கள், மூன்று இதழ்கள். கடைசிக் கட்டத்தில், யாருக்கும் தலை வணங்காத செங்கழுகு, “போதும். நீயே ஜெயிச்சுக்கோ” என்கிறான். பாதிப் பேர் புத்தகத்தைக் கிழித்தார்கள். பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

நீங்களாக இருந்தால் அந்த இரண்டு வீரர்களைப் பற்றி எழுதுவீர்கள். என் மனம் அந்த வரியைக் கையால் எழுதியவளிடம் போய் நின்றது. நான் பள்ளிக்கூடம் பார்த்தவள் இல்லை. இப்படிப்பட்ட வசனக் குமிழிகளுக்குள் இருந்த எழுத்தைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டினேன். அந்தக் கைக்கு நான் பட்ட கடன் பெரிது.

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள்

(வேண்டாம். என் கதைகளில் எல்லாம் முதல் வரியிலேயே மழை வந்துவிடுகிறது.)

முப்பது வருஷமாக அவள் ஒரு குற்றத்தைச் சுமந்து

(இதுவும் வேண்டாம். அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள், தூங்கினாள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். நடுநடுவே சுருக்கென்று குத்தும், அவ்வளவுதான்.)

சரி, நேராகவே போவோம்.

3

அவள் எழுத்துக்காரி. அந்தக் காலத்தில் காமிக்ஸில் வசனத்தை அச்சுக் கோர்ப்பதில்லை. படம் வரைந்து வந்த அட்டையில் குமிழி போட்டு, உள்ளே வசனத்தைக் கையால் எழுதி, கடைசியில் குமிழிக்கு வால் இழுப்பார்கள். வால் யார் வாயைப் பார்க்கிறதோ, வசனம் அவருடையது. அவள் இழுத்த வால்கள் பிசிறில்லாதவை. ஒரே இழுப்பு.

கதை எழுதியவர் அவளுடைய அண்ணன். அண்ணன் எழுதித் தருவதைத் தங்கை குமிழிக்குள் அடைப்பாள். (கூடப்பிறந்தவர்களாக இவர்களை நான் ஏன் ஆக்கினேன் என்று கேட்காதீர்கள். முதலில் கணவன் மனைவியாகத்தான் எழுதினேன். இரண்டாம் பத்தியிலேயே பேச்சு வார்த்தை நின்றுவிட்டது.)

இரண்டு பதிப்பகங்களுக்கும் ஒப்பந்தம் இருந்தது. யாரும் மட்டமில்லை என்று காட்ட, ஒற்றைப்படைப் பக்கத்தில் செங்கழுகு இடப்புறம் நிற்பான், இரட்டைப்படைப் பக்கத்தில் இடிமாறன் இடப்புறம் நிற்பான். கடைசிப் பக்கம் முப்பத்திரண்டு. விட்டுக்கொடுக்க வேண்டியவன் இடிமாறன். அண்ணன் அப்படித்தான் எழுதியிருந்தார். ஆகவே வால் இடப்பக்கம். அவளுக்கு அது மனப்பாடம்.

அச்சுக்கு முதல் நாள் ஒரு சைக்கிள் விளம்பரம் நடுவில் நுழைந்தது. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று ஆனது. ஓவியர் ஒப்பந்தப்படி ஆட்களை இடம் மாற்றி வரைந்து அனுப்பினார். இருவரும் முகமூடி கிழிந்து, முகமெல்லாம் புழுதியாக நிற்கிற படம். அவள் கை பழைய இடப்பக்கத்துக்கே போனது. ஒரே இழுப்பு.

தோற்றவன் செங்கழுகு ஆனான்.

4

கிழித்த கடைசிப் பக்கங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. செங்கழுகு கதைகளை அண்ணனிடமிருந்து பிடுங்கினார்கள். அவர் அதன்பிறகு மின்விசிறியையும் சலவை இயந்திரத்தையும் எப்படி இயக்குவது என்று கையேடு எழுதிக் காலத்தை ஓட்டினார். யார் கேட்டாலும், “நான்தான் எழுதினேன்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

(இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நாளா ஒருத்தி சும்மா இருப்பாள்? பிறகு என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்டவற்றை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். விரல் போதவில்லை. அவளை நம்பிவிட்டேன்.)

இப்போது மறுபதிப்பு வருகிறது. பதிப்பாசிரியர் அண்ணன் வீட்டுச் சமையலறை மேசையில் பழைய இதழைப் பிரித்து வைத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தின் குறுக்கே பழுப்பேறிய ஒட்டுநாடா. பத்து வயதில் கிழித்தவர்களில் அவரும் ஒருவர்.

“உள்ளதைச் சொல்லிடறேன் சார். பாதிக்கு மேல காலம் தின்னுடுச்சு. அடிக்கும்போதே, ‘இதோ அடிக்கிறேன் பார்’னு வசனம் பேசறாங்க. அந்த விஞ்ஞானிப் பொண்ணு மூணு இதழ்லயும் கட்டிப்போட்ட நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்ல.”

“அவங்க எழுந்திருந்தா கதை முதல் இதழ்லயே முடிஞ்சிருக்கும்,” என்றார் அண்ணன். “அவங்களுக்குத்தான் மூளை இருந்தது.”

“ஆனா இந்தக் கடைசிக் கட்டம் இருக்கே. இதுக்கு வயசே ஆகல சார். என் பையன் படிச்சுட்டு, ‘ஜெயிச்சவன் இவன்தான்’னு செங்கழுகைத் தொட்டுக் காட்டறான். அதனால முன்னுரைல ஒரு பக்கம். எப்படித் தோணுச்சு உங்களுக்கு?”

அண்ணனுக்குப் பக்கத்தில்தான் அவளும் உட்கார்ந்திருந்தாள். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“அவருக்குத் தோணல,” என்றாள். “வால் நான் மாத்திப் போட்டது. தவறிப் போச்சு. அவரை ஏசினது எல்லாம் எனக்கு வர வேண்டியது. அப்படியே எழுதிக்கோங்க.”

பதிப்பாசிரியரின் பேனா அந்தரத்தில் நின்றது.

5

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அண்ணன் அழுகிறார். அது பொய் அழுகை, கிழித்துவிட்டேன். இன்னொன்றில் எழுந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். கதவைச் சாத்துகிற ஆளுக்கு முப்பது வருஷம் தங்கையைக் காப்பாற்றத் தெரிந்திருக்காது. மூன்றாவதை வைத்துக்கொண்டேன்.

அண்ணன் சிரித்தார்.

“ப்ரூஃப்ல கையெழுத்துப் போட்டது யாரு?”

“நீதான். நீ எங்க பார்த்த? எப்பவும் பார்க்காமத்தானே போடுவ.”

“அன்னைக்குப் பார்த்தேன். ஒரு பழம் உரிச்சுத் தின்னு முடிக்கிற நேரம் பார்த்தேன். செங்கழுகு நிஜமா எப்படி ஜெயிக்கறதுன்னு மூணு இதழ் எழுதியும் எனக்குத் தெரியல. நீ ஒரு கோட்டுல சொல்லிட்ட. அடிச்சுத் திருத்த மனசு வரல, போட்டேன் கையெழுத்து.”

அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“இதை முப்பது வருஷம் சொல்லாம வச்சிருந்தியா?”

“நீ மட்டும் சொன்னியா?”

“அதனாலதான் இப்பச் சொல்றேன். தப்பு என்னுது, என் பேர்ல போடச் சொல்லு.”

“தப்புன்னு யாரு சொன்னா? அது முடிவு. நான் எடுத்த முடிவு.”

“என் கை போட்ட கோடு.”

“என் கையெழுத்து இல்லாம அச்சுக்குப் போயிருக்குமா உன் கோடு?”

பதிப்பாசிரியர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பத்து வயதில் தான் கிழித்த பக்கத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவதைக் கேட்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? முன்னுரையில் யார் பெயரைப் போடுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். ஒருவர் இறங்கி வந்தார். இந்த வயதில் எனக்கு ஒரே ஒரு பெருமை, அது யார் என்று சொல்லாமல் இருக்கத் தெரிகிறது. ‘என்றாள்’, ‘என்றார்’ என்று நான் போடுவதுதான் எழுத்தில் வால். கடைசி வரிக்கு அதைப் போடவில்லை. நீங்கள் இழுங்கள், கண்ணுகளா. எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழித்துவிடாதீர்கள்.

மேசைமேல் செங்கழுகும் இடிமாறனும் புழுதி முகத்தோடு மல்லாந்து கிடந்தார்கள். தேநீர் ஆறிப்போயிருந்தது.

“போதும். நீயே ஜெயிச்சுக்கோ.”